டீசற் புகையிரதமும் எண்ணெய்க் கணக்கும்

கைகாட்டியையும் வேகத்தையும் நோக்குவதோடு புகையிரத சாரதியின் கடமை முடிவதெனப் பலர் கருதுவர். பிரயாணிகள் அறியாத கடமை ஒன்றும் அவர்க்குண்டு. அஃது எண்ணெய்க் கணக்காகும்.

கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 ஆம் ஆண்டு முதலாகக் கனடாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த எம்2 வகை எஞ்சின்களை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1,425 பரிவலுவுடைய டீசற் பொறி மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அம்மின்னே சில்லுகளை இயக்குகின்றது. எண்ணெய்த் தாங்கி எஞ்சினின் அடியில் உள்ளது. அக்காலத்து எஞ்சின்களில் எண்ணெய் மட்டத்தைத் தாங்கியின் பக்கத்திலுள்ள மானியிலேயே காணல் வேண்டும். ஆதலின், புறப்படுமுன், வண்டி சமதளத்தில் அசையாது நிற்கும்போதே அளவைக் குறித்துக்கொள்வது முறை. ஏற்றத்தில் நின்றால் எண்ணெய் ஒருபுறம் சாய்ந்து மானி மெய்யளவைக் காட்டாது.

இனி, செலவு எவ்வளவு? கொழும்பிலிருந்து பதுளை செல்லும் பாதை பட்டிப்பொலையருகே 6,200 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 1,890 மீற்றருக்கு, உயர்கின்றது. எஞ்சினுட்பட 300 தொன் நிறையுள்ள வண்டியொன்றை அவ்வுயரத்துக்கு ஏற்ற வேண்டிய சத்தி ஏறக்குறைய 556 கோடி யூல். ஒரு லீற்றர் டீசல் எரியுங்கால் 3.6 கோடி யூல் வெளிப்படும். அதிற் பத்தில் மூன்று பங்கே சில்லுகளை எய்துமெனக் கொண்டால், ஏற்றுதற்கு மட்டும் 500 லீற்றருக்கு மேல் வேண்டும். உராய்வும் காற்றுத் தடையும் இதனிற் சேரா. இறங்கும்போது இவ்வெண்ணெய் மீள்வதில்லை. அச்சத்தி தடுப்புக் கட்டைகளில் வெப்பமாகக் கழிகின்றது.

வலுவை ஆளும் பிடிக்கு எட்டுப் படிகள் உண்டு. மேற்படிகளில் எண்ணெய் மிகுதியாகச் செலவாகும். பாதையின் ஏற்ற இறக்கங்களை நன்கறிந்த சாரதி, இறக்கம் வருமுன்னரே பிடியைத் தாழ்த்தி, வண்டியைத் தன் வேகத்திலேயே ஓடவிடுவார். வீணே விரைந்து பின் தடுப்பை இடுபவர் எண்ணெயை இருமுறை இழக்கின்றார்.

பொறியின் வடிகட்டியருகே இரு கண்ணாடிக் கிண்ணங்கள் உள. பம்பி வேண்டியதினும் மிகுதியாக எண்ணெயை அனுப்ப, எரியாது எஞ்சியது தாங்கிக்கு மீளும். மீளும் எண்ணெய் முதற் கிண்ணத்திற் குமிழியின்றி நிறைந்திருத்தல் வேண்டும். குமிழி தோன்றின், தாங்கி வற்றியதனாலோ குழாய்க் கசிவினாலோ காற்றுப் புகுந்ததென அறியலாம். மற்றைக் கிண்ணம் வெறுமையாயிருத்தல் வேண்டும். அதில் எண்ணெய் ஏறின் வடிகட்டி அடைபட்டதென்பது பொருள்.

தாங்கியை முற்றாக வற்றவிடுதல் தகாது. எண்ணெயினும் அடர்த்திமிக்க நீரும் மண்டியும் அடியிலேயே தங்குவன. அவை பொறியினுட் புகுந்தாற் கேடு விளையும். வற்றி நின்ற பொறிக்கு மீள எண்ணெய் ஊற்றுதல் மட்டும் போதாது; குழாய்களிற் புகுந்த காற்றையும் அகற்றுதல் வேண்டும். றம்புக்கணைக்கு அப்பால் மலைப்பாதை ஒற்றைப் பாதையாகும். அங்கே ஒரு வண்டி நின்றுவிடின், மேலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும் ஒருங்கே தடைப்படும். நூற்றுக்கணக்கானோரின் பயணம், புறப்படுமுன் ஒருவர் குனிந்து நோக்கிய மானியில் தங்கியுள்ளது.

சத்திக்காப்பு விதியை வகுப்பறையில் மனனஞ் செய்யும் மாணவர், அடுத்த முறை கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் முழங்குவதைக் கேட்கும்போது, அவ்விதியே அங்கு லீற்றர் லீற்றராக எரிகின்றதென எண்ணுவாராக.