தத்துவ உரைநடை வழி உயர்நிலை ஆங்கிலச் சொற்கற்றல்: தேன்கனிக்கோட்டை வட்டாரப் பன்மொழிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உயர்கல்வியில் பயிலப்படும் ஆங்கிலக் கருத்துச்சொற்கள் பலவும் தத்துவ நூல்களில் வரையறை பெற்றவை. அவற்றை நிகர்ச்சொல் கொண்டு மட்டும் கற்கும் மாணவர், அந்நிகர்ச்சொல்லின் வழக்குப்பொருளில் சிக்க நேர்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியும் வழங்கும் தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் இதற்கு வாய்ப்பு மிகுதி. தத்துவ உரைநடையை நேரே பயில்வது இச்சிக்கலைத் தீர்க்க உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருத்துச்சொல், தத்துவ உரைநடை, அளவை, அனுமானம், பன்மொழிச் சூழல்.

1. முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை வட்டம் கர்நாடக எல்லையை ஒட்டியது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் பயின்று, ஓசூர்த் தொழிலகங்களிலும் பெங்களூரிலும் ஆங்கிலத்தை எதிர்கொள்வோர் இங்கு உளர். இயந்திரப் பெயர்களும் அலுவலகச் சொற்களும் அவர்களுக்குப் புழக்கத்தாலேயே வசமாகின்றன. ஆய்வேடு வேண்டும் கருத்துச்சொற்கள் அவ்வாறு வசமாவதில்லை. சுட்டிக்காட்டி விளக்க அவற்றுக்குக் கண்முன் பொருள் இல்லை.

தத்துவத்தை மொழிகளுக்கிடையே கொண்டுசெல்லும் முயற்சிக்கு இவ்வட்டாரத்தில் முன்னோடி உண்டு. 1878இல் ஓசூர் அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் பயின்ற இராஜாஜி, சாக்ரடீஸ், மார்க்கஸ் அரேலியஸ் ஆகியோரின் சிந்தனைகளைத் தமிழில் தந்தவர்.

2. நிகர்ச்சொல்லின் எல்லை

‘இன்ஃபரன்ஸ்’ என்னும் சொல்லுக்கு ‘அனுமானம்’ என்பது வழக்கமான நிகர்ச்சொல். இந்தியத் தருக்க மரபில் அனுமானம் என்பது புகையைக் கண்டு நெருப்பை அறிதல் போன்ற உறுதிதரும் அறிவுவழியாகும். இன்றைய தமிழ்ப் பேச்சில் அது ‘உத்தேசம்’ என்னும் அளவிற்குத் தளர்ந்துள்ளது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே சொல் அன்றாட வழக்கில் ‘சந்தேகம்’ என்றே பொருள்படும். ஆகவே, வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர் இந்நிகர்ச்சொல்லை நம்பினால், ஐயம் நீக்கும் வழியைக் குறித்த சொல்லை ஐயத்தையே குறிப்பதாகக் கொள்ளக்கூடும்.

‘என்கொயரி’ என்பதற்கு இணையாகும் ‘விசாரம்’ என்பதும் இத்தகையதே. ஆத்ம விசாரம் என்னுந் தொடரில் அது ஆராய்ச்சி, தமிழ்ப் பேச்சில் கவலை, தெலுங்கில் துயரம், கன்னடத்தில் எண்ணம் அல்லது செய்தி. ஆங்கிலத்திற்கும் இப்பொருள்மாற்றம் புதிதன்று. ‘ஸ்கெப்டிக்’ என்னும் சொல்லின் கிரேக்க மூலம் ஆராய்பவரைக் குறித்தது. இன்று அச்சொல் ஐயுறுபவரைக் குறிக்கிறது.

3. தத்துவ உரைநடையின் பயன்

தத்துவ ஆசிரியர் தம் சொல்லை வரையறுத்து, எதிர்ச்சொல்லோடு நிறுத்தி, எடுத்துக்காட்டால் சோதித்த பின்னரே வாதத்தைத் தொடர்கிறார். எனவே சொல்லின் பொருளோடு அதன் எல்லையும் படிப்பவருக்குப் புலனாகிறது.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் வெளியிட்ட ‘தத்துவத்தின் சிக்கல்கள்’ என்னும் ஆங்கில நூலில் ‘அக்வெயின்டன்ஸ்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. அகராதி அதற்கு ‘அறிமுகம்’ எனப் பொருள் தரும். ரஸ்ஸலோ, இடையில் எந்த ஊகமும் இன்றி நேரே உணரப்படுவதற்கே அச்சொல்லை ஆள்கிறார். ‘டிஸ்கிரிப்ஷன்’ வழி அறிவதை அதற்கு எதிரே நிறுத்துகிறார். அவர் கருத்தில் மேசையின் நிறமும் வழவழப்பும் நேரறிவுக்கு உரியவை. மேசையோ விவரணைவழி அறியப்படுவது.

மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கொள்ளும் சிவஞானசித்தியாரும் பயின்ற தமிழ் மாணவருக்கு இவ்வாதம் அந்நியமானதன்று. எனினும் ‘அக்வெயின்டன்ஸ்’ காண்டலுக்கு முற்றும் நிகராகாது. சித்தாந்தத்தின் காண்டல் பொருளையே பற்றுவது; ரஸ்ஸலின் நேரறிவு பொருளின் புலத்தோற்றத்தோடு நின்றுவிடுவது. இவ்வேறுபாட்டை உணரும்போதே அந்த ஆங்கிலச்சொல் மாணவருக்கு உரியதாகிறது.

தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்ட சொற்களுக்கும் இது பொருந்தும். ‘நல்ல ஐடியா’, ‘நல்ல இம்ப்ரெஷன்’ என்பன அன்றாடத் தொடர்கள். டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட நூலில் ‘இம்ப்ரெஷன்’ என்பது உயிர்ப்புள்ள நேரனுபவம். ‘ஐடியா’ என்பது அதன் மங்கிய படி. தீச்சுடும்போது உணரும் வெப்பம் முன்னது. பின்னர் அதை நினைத்தல் பின்னது. அறிந்த சொல் என மாணவர் கடந்துசெல்லும் இடமே பிழைக்கு இடமாகிறது.

4. பயிற்று முறையும் வரம்பும்

ஒரு சொல்லுக்கு நான்கு குறிப்புகள் போதும்: அன்றாடப் பொருள், ஆசிரியர் வரையும் பொருள், அவர் நிறுத்தும் எதிர்ச்சொல், வீட்டுமொழியில் நிகர்ச்சொல் உணர்த்தும் பொருள். நான்காவது குறிப்பு இவ்வட்டாரத்திற்கு இன்றியமையாதது. இந்தியத் தத்துவம் குறித்து மைசூர் எம். ஹிரியண்ணா 1932இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் தொடக்கப் பாடமாகத் தக்கது. கருத்து ஓரளவு அறிந்ததாயின் மாணவரின் கவனம் சொல்லில் நிலைக்கும்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களின் நீண்ட தொடரமைப்பு இன்றைய எழுத்துக்கு முன்மாதிரி ஆகாது. ஒருவர் தம் வாதத்திற்கென வரைந்த சிறப்புப்பொருளைப் பொது எழுத்தில் ஆள்வதும் பிழையாகும்.

5. முடிவுரை

பன்மொழிச் சூழல் சொற்கற்றலுக்குத் தடை எனக் கருதப்படுவதுண்டு. ஒரே சொல் மூன்று மொழிகளில் மூன்று பொருள் தருவதை அன்றாடம் கேட்கும் தேன்கனிக்கோட்டை மாணவர், சொல்லும் பொருளும் பிரியக்கூடியவை என்பதை முன்னரே பட்டறிந்தவர். தத்துவ உரைநடை அவர் கேட்டறிந்ததை ஆராய்ந்தறியச் செய்கிறது. வகுப்பறையில் வீட்டுமொழியின் பொருளைத் தவறு எனத் தள்ளாமல் ஒப்பிட்டுக் காட்டுவதே ஆசிரியர் மேற்கொள்ளவேண்டிய முதற்பணியாகும்.