முன்னோடிகள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. வண்டி புறப்பட்ட இடம் நமது ராயபுரம். போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. இத்தனை மணிக்கு இந்த ஊர், இத்தனை மணிக்கு அடுத்த ஊர் என்ற அட்டவணைக்கு நம்மவர்கள் தலைவணங்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். அதன் பிறகு வண்டியைப் பிடிப்பதற்காக நாம் ஓடாத நாள் இல்லை.

ஆனால் இப்போது சென்னைப் பட்டணத்தில் வேறொரு அதிசயம் நடந்து வருகிறது. வண்டியைப் பிடிக்க ஓடுவதற்குப் பதிலாகத் தாங்களே வண்டியாகி, அட்டவணை தவறாமல் ஓடுகிற மனிதர்கள் தோன்றியிருக்கிறார்கள்!

ஓட்டப் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாலையோரமாக நின்று பார்க்கும் நேயர்கள் இவர்களைச் சுலபமாகக் கண்டுகொள்ளலாம். முதுகிலே ஒரு சிறு கொடி. கொடியிலே "60" என்று ஓர் எண். "பத்துக் கிலோமீட்டர் தூரத்தை அறுபது நிமிஷத்தில் கடந்து காட்டுவேன், வேண்டியவர்கள் என் பின்னால் வரலாம்" என்பது அதற்கு அர்த்தம். அவருக்குப் பின்னால் இருபது முப்பது பேர் திரண்டு ஓடுகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் "பஸ்". டிக்கெட் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், முடியாதவர்கள் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் யாருக்காகவும் நிற்காத பஸ் இது!

இப்படி முன்னே ஓடுகிறவரைப் "பேஸர்" என்று அழைக்கிறார்கள். தமிழிலே "முன்னோடி" என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. மேடைகளில் பெரிய மனிதர்களுக்குச் சூட்டிச் சூட்டி அந்தச் சொல் தேய்ந்து போயிருக்கிறது. அதன் நேரான பொருளுக்கு உரியவர்கள் இவர்களே.

இந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யார்? பந்தயத்தில் முதல் பரிசு பெறப் போகிறவர்களா? இல்லவே இல்லை. பரிசு வாங்குகிறவர்கள் பந்தயத்தை முடித்து, வியர்வை துடைத்து, காப்பியும் குடித்துவிட்ட பிறகுதான் இவர்கள் எல்லைக் கோட்டை எட்டுவார்கள். இவர்களுடைய போட்டியெல்லாம் தங்களோடுதான். சென்ற தடவை 61 நிமிஷமும் சில செகண்டுகளும் ஆயிற்று. இந்தத் தடவை 60-க்குள் வந்துவிட வேண்டும். அவ்வளவே ஆசை. ஆபீஸ் குமாஸ்தாவோ, ஆலைத் தொழிலாளியோ, இரண்டு குழந்தைகளின் தாயாரோ, மாதக் கணக்கில் இருட்டோடு எழுந்து பயிற்சி செய்தது அந்த ஒரு நிமிஷத்துக்காக. பிறருக்கு அது அற்பமாகத் தோன்றலாம். நேற்றைய தன்னை இன்றைய தான் வெல்வது அற்பமான காரியமா?

இதற்கு இன்னொருவர் துணை எதற்கு என்று கேட்கலாம். மனித சுபாவம்தான் காரணம். புறப்படும்போது காலில் பலம் இருக்கிறது, நெஞ்சில் உற்சாகம் இருக்கிறது, பக்கத்தில் ஓடுகிறவர் முந்துகிறார், நாமும் முந்துகிறோம். ஆறு நிமிஷத்தில் கடக்க வேண்டிய முதல் கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் கடந்துவிட்டு, அரை நிமிஷம் லாபம் என்று மகிழ்ந்து போகிறோம். ஆனால் அது லாபமல்ல, கடன்! எட்டாவது ஒன்பதாவது கிலோமீட்டரில் அந்தக் கடன்காரன் வந்து வழி மறிக்கிறான். அரை நிமிஷத்துக்கு இரண்டு நிமிஷமாக வட்டியும் முதலும் கேட்கிறான். நமது கடற்கரைப் பட்டணத்திலோ காற்றில் எப்போதும் ஈரம். வியர்வை ஆவியாகப் போகாமல் உடம்பிலேயே வழிகிறது, உஷ்ணம் தணிவதில்லை. ஆகையால் இங்கே வட்டி விகிதம் இன்னும் அதிகம்.

முன்னோடியின் வேலை இந்தக் கடனை வாங்க விடாமல் தடுப்பதுதான். பத்துக் கிலோமீட்டரை 50 நிமிஷத்தில் ஓடக் கூடியவரையே 60 நிமிஷக் கொடிக்கு நியமிப்பது வழக்கம். அவருக்குச் சிரமம் இருக்கக் கூடாது. பேச மூச்சு மிஞ்ச வேண்டும். 6, 12, 18, 24 என்று ஒவ்வொரு கிலோமீட்டர்ப் பலகையையும் கணக்குப் பிசகாமல் கடக்க வேண்டும். "தண்ணீர் வருகிறது, வலப்புறம் ஒதுங்குங்கள்" என்பார். "தோளைத் தளர்த்துங்கள்" என்பார். கைக்கடிகாரம் ஒரு தூரம் சொல்லும், பலகை வேறொரு தூரம் சொல்லும். இரண்டுக்கும் நடுவே நிதானம் இழக்கக் கூடாது. அவர் சற்று வேகமாகப் போய்விட்டால் கெடுவது அவருடைய ஓட்டமல்ல. நம்பி வந்த முப்பது பேருடைய மாதக் கணக்கான உழைப்பு!

இந்த நிதானத்துக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1954-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி, ஆக்ஸ்போர்டு நகரில், ரோஜர் பானிஸ்டர் என்ற வைத்திய மாணவர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிஷம் 59.4 செகண்டில் ஓடினார். நான்கு நிமிஷத்துக்குள் ஒரு மைல் என்பது அதுவரை எவருக்கும் எட்டாத கனி. அன்று அவருக்கு முன்னோடிகள் இருவர். முதல் இரண்டு சுற்றுக்கு கிறிஸ் பிராஷர். பிறகு கிறிஸ் சாட்டவே. முதல் சுற்றிலேயே பானிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் வேகம்!" என்று பின்னாலிருந்து கத்தினார். பிராஷர் அசையவில்லை, தம் வேகத்திலேயே ஓடினார். அந்தச் சுற்றுக்கு ஆன நேரம் 57.5 செகண்டு, உண்மையில் அது வேண்டிய அளவுக்கு மேலேயே வேகம்! பிராஷர் மட்டும் அந்தக் கூச்சலுக்குச் செவி சாய்த்திருந்தால், சரித்திரம் வேறாகியிருக்கலாம் என்று பானிஸ்டரே பிற்காலத்தில் நன்றியோடு ஒப்புக்கொண்டார். பிராஷர் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடை தாண்டும் நெடும் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். பிறருக்காக ஓடினவன் தனக்காக ஓட மறந்துவிடுவதில்லை!

2019-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி வியன்னா நகரில் கென்யா வீரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 செகண்டில் கடந்தபோது முன்னோடிகள் 41 பேர் முறை வைத்து அவரைச் சூழ்ந்து ஓடினார்கள். எதிர்க்காற்றைத் தங்கள் மார்பில் வாங்கிக்கொண்டார்கள். இடையிடையே புது ஆட்கள் புகுந்ததால் சாதனைப் பட்டியலில் அது சேரவில்லை. உலகத்தின் ஞாபகத்தில் சேர்ந்துவிட்டது. அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர் பெயரையாவது நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்?

ராயபுரத்துக்குத் திரும்புவோம். முன்னோடி என்பது இந்தக் கரைக்குப் புதிய விஷயமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரையில் கப்பல்கள் நடுக்கடலில்தான் நிற்கும். சாமானையும் மனிதரையும் மசூலாப் படகுகளில் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இப்பகுதிப் படகோட்டிகள். ஒருவன் பாட்டெடுப்பான், மற்றவர்கள் பின்பாட்டுக்கு ஏற்பத் துடுப்புப் போடுவார்கள். பாட்டின் வேகமே படகின் வேகம். கொடியில்லாத முன்னோடி அவன்!

பிறகு துறைமுகம் வந்தது. நமது கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பது இயற்கை. துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் கடல் கரையை அரித்தது. வீடுகளைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்தார்கள். ஆகவே, காலையில் ஓடுவதற்குத் தெற்கே விசாலமான கடற்கரைச் சாலை. வடக்கே கல்லுக்கும் கன்டெய்னர் லாரி வரிசைக்கும் நடுவே ஒரு சாலை. 2006-இல் தோன்றிய சென்னை ரன்னர்ஸ் சங்கத்தார் நடத்தும் பெரிய மாரத்தானும் சமீப வருஷங்களில் நேப்பியர் பாலத்திலிருந்து தெற்கு முகமாகத்தான் ஓடியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் வடசென்னையே இந்நகரத்துக்கு ஒரு முன்னோடிதான். கப்பல் சரக்கு, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன. எதிர்க்காற்றையும் புகையையும் மார்பில் வாங்கிக்கொண்டு அது முன்னே ஓடுகிறது. நாம் அதன் நிழலில் சுகமாக ஓடுகிறோம். அந்தப் பகுதி ஜனங்களும் தங்கள் சொந்தக் கணக்கை வெல்ல ஒரு சந்தர்ப்பம் தர வேண்டாமா? ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்க் கோவில் ஆறு ஏழு கிலோமீட்டர் தூரம். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், லாரிகளை நிறுத்தி வைத்தால் போதும். கொடி கட்டிக்கொள்ள ஆட்கள் தயாராக இருப்பார்கள்.

கடைசிக் கிலோமீட்டரில் நல்ல முன்னோடி ஒரு காரியம் செய்வார். சற்றே ஒதுங்கிக் கையை வீசி, "இனி என்னைப் பார்க்காதீர்கள், போங்கள்!" என்பார். அதுவரை அவர் முதுகையே பார்த்து ஓடியவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் பாய்வார்கள். 60-ஆவது நிமிஷம் முடியச் சில செகண்டு இருக்கையில் அவரும் கோட்டைத் தாண்டுவார். அவருடைய சொந்தக் கணக்குக்கு அன்று ஒரு செகண்டும் லாபமில்லை. ஆனால் அங்கே மூச்சு வாங்க நின்றுகொண்டிருக்கும் இருபது முகங்களைப் பார்த்துவிட்டு, அவர் மெதுவாகக் கொடியைக் கழற்றுகிறாரே, அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்!