உஷார்! அலமாரியில் தூங்கும் இந்தியப் பாஸ்போர்ட்

"ரெண்டையும் வெச்சுக்கலாம்ப்பா, யாரும் கேக்க மாட்டாங்க."

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இப்படி யோசனை சொல்ல ஒருவர் எப்படியும் வாய்த்துவிடுகிறார். அந்த ஊர் பாஸ்போர்ட்டைக் காட்டி விமானம் ஏறலாம், சென்னையில் இறங்கியதும் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டலாம், விசா செலவு மிச்சம் என்பது அவர் போடும் கணக்கு. தயவுசெய்து அந்த ஆளிடமிருந்து விலகி நில்லுங்கள். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை அறவே கிடையாது. அரைகுறையாகவோ தற்காலிகமாகவோகூட இல்லை.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு. சொந்த விருப்பத்தில் வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்றவர் அந்த நொடியிலேயே இந்தியக் குடிமகனாக இல்லாமல் போகிறார். யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள், விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் அதுவே முடிவான சாட்சி என்று விதிகள் சொல்கின்றன. கிரீன் கார்டோ நிரந்தர வசிப்புரிமையோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. அவர்கள் இன்னும் இந்தியர்கள்தான்.

பலர் சறுக்குவது ஓர் இடைவெளியில். காலையில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தாயிற்று, புதுப் பாஸ்போர்ட் வர சில வாரங்கள் ஆகும். அதற்குள் ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வருகிறது. பையில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் நாலு வருடம் செல்லுபடி பாக்கி. அச்சிட்ட தேதி என்னவாக இருந்தாலும் அது உங்களைப் பொறுத்தவரை செத்த பாஸ்போர்ட். அவசரமாகப் புதுப் பாஸ்போர்ட் எடுத்து, இந்தியத் தூதரகத்தில் அவசர விசா கேட்பதுதான் வழி. உறுதிமொழி எடுக்கும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட வாய்ப்பிருந்தால், ஊர்ப் பயணத்தை முடித்துவிட்டே எடுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து, ரத்து முத்திரையும் சரண்டர் சர்டிபிகேட்டும் வாங்கியே ஆக வேண்டும். வருடக்கணக்கில் தாமதித்தால் அபராதம் உண்டு. இடையில் அதை வைத்துப் பயணம் செய்திருந்தால் அதற்குத் தனி அபராதம். இதைவிட மோசம், வெளிநாட்டுக் குடியுரிமையை மறைத்து இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பது. பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி அதற்கு குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறை. 2022இல் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அது இரண்டு லட்சத்துக்குக் குறையவில்லை. முறையாக ஒப்படைக்க இத்தனை பேருக்கு முடிகிறது. உங்களுக்கு மட்டும் என்ன தயக்கம்?

குழந்தைகள் விஷயம் இன்னும் சிக்கல். 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ வெளிநாட்டில் பிறந்த குழந்தை வம்சாவளியால் இந்தியக் குடிமகனாக வேண்டுமென்றால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தரவும் வேண்டும். "நாங்க குடியுரிமையை விட்டாலும், பையன் 18 வயசுல இந்தியனாகிக்கலாம்" என்று நம்பியிருப்பவர்கள் 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கில், பெற்றோர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர் குடிமக்களானார்கள். அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளை 1999 மார்ச்சில் அங்கே பிறந்தார். வளர்ந்ததும் இந்தியக் குடியுரிமையை மீட்கக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தியக் குடியுரிமையைத் தாமே எழுதிக் கொடுத்துத் துறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கே அந்த மீட்பு வாய்ப்பு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியதால் தானாக இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை. இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்து பதிவுக்கு விண்ணப்பிக்கும் வேறு வழி திறந்தே இருக்கிறது, ஆனால் அது அரசின் கையில்.

சரி, ஓ.சி.ஐ. (Overseas Citizen of India) கார்டு இருக்கிறதே என்கிறீர்களா? அது ஆயுள்கால விசா, கூடுதல் வசதிகளுடன். ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது. செய்தியாளர் பணிக்கோ ஆய்வுக்கோ தனி அனுமதி வாங்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலே கார்டை ரத்து செய்யலாம். தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் அப்பாக்களே, இது உங்களுக்கு. ஓ.சி.ஐ. வைத்திருக்கும் மகன் நஞ்சையோ புஞ்சையோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. நீங்கள் பாசத்தில் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாலும் அந்நியச் செலாவணி விதிகளில் அது செல்லாது. உயிலாகவோ வாரிசுரிமையாகவோ போனால் மட்டுமே அவர் கைக்கு வரலாம். பின்னாளில் அவர் விற்பதென்றால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்கலாம். பத்திரம் எழுதுபவர் "பாத்துக்கலாம் சார்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து வில்லங்கம் வரும்போது அவர் இருக்க மாட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும்போது அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட தம்பி பெயரில், "இருக்கட்டுமே" என்று படிவம் நிரப்பி நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். குடிமகன் அல்லாதவர் பட்டியலில் இருக்க முடியாது. தெரிந்தே பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. கையெழுத்துப் போட்டவர் நீங்கள், எனவே வழக்கும் உங்கள் மேல்தான். அந்தப் பெயரை நீக்க 7ஆம் எண் படிவம் இருக்கிறது, அதைக் கொடுங்கள்.