எபிசோட்: இலையைப் பார்த்து ஏமாறாதீங்க! மொட்டை மாடியில் சிறுகிழங்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

தக்காளி, வெண்டை, கீரை எல்லாம் மாடியில வளர்த்துப் பார்த்திருப்பீங்க. இன்னைக்கு சிறுகிழங்கு.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சிறுகிழங்கு இல்லாம அங்கே பொங்கல் கிடையாது. கேரளாவில் இதுக்குப் பேர் கூர்க்கா. கோலிகுண்டை விடக் கொஞ்சம் பெருசு, மண் வாசனையோட தனி ருசி. பார்த்தா குட்டி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும், ஆனா சொந்தம் வேற. துளசி, புதினா குடும்பம் இது. நம்ம வீட்டு ஓமவல்லிக்கு ரொம்ப நெருங்கின உறவு.

என் கதைக்கு வர்றேன். பாளையங்கோட்டையில ஆச்சி வீட்டுத் தோட்டத்துல வீடு கட்டப் போறாங்கன்னதும், கடைசியா எடுத்த கிழங்குல ஒரு கை எனக்குக் குடுத்து விட்டாங்க. சென்னைக்கு வந்து, மாசி மாசமே ரெண்டு க்ரோ பேக்ல நட்டுட்டேன். கொடி அப்படி வளர்ந்துச்சு! போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டு லைக் வாங்கினேன். ஜூன்ல ஒரு பையைக் கொட்டிப் பார்த்தா, வெறும் வேர். ஒரு கிழங்கு கூட இல்ல.

ஆச்சிக்கு போன் போட்டேன். "ஏலே, ஆடியில நட வேண்டியத மாசியில நட்டா இலைதாம்லே கிடைக்கும்" என்றார்.

ஏன் ஆடி?

நாட்டுச் சிறுகிழங்கு ரகங்கள் பகல் குறையறதைப் பார்த்துத்தான் கிழங்கு வைக்கும். சென்னையில ஜூன் மாசப் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம். டிசம்பர்ல 11 மணி 20 நிமிஷம்தான். பகல் நீளும்போது செடி இலையும் கொடியுமா விடும். குறையும்போது சாப்பாட்டை மண்ணுக்குள்ள சேர்க்கும். நான் எவ்வளவு உரம் போட்டிருந்தாலும் ஜூன்ல கிழங்கு வந்திருக்காது.

ஆச்சி இன்னொண்ணும் சொன்னாங்க: "மத்த பையில இருக்கிற கொடியத் தூரப் போட்டுராத." ஏன்னா சிறுகிழங்கை நடுறதே கொடி நுனியை வெட்டித்தான். நான் தோத்துட்டேன்னு நினைச்ச செடிதான் நாற்றங்கால்!

நடுறது எப்படி?

மே, ஜூன்ல கிழங்கை முளைக்க விட்டு கொடி வளர்த்துக்கோங்க. ஆடியில ஒரு சாண் நீளத்துக்கு நுனியை வெட்டி, அகலமான பையில ரெண்டு மூணு நடுங்க. செம்மண், மட்கின எரு, கொஞ்சம் மணல் போதும். தழைச்சத்து அதிகமானா மறுபடி இலைதான். நட்ட ஒன்றரை மாசத்துல, படர்ற கொடி மேல கொஞ்சம் மண் அணைக்கணும்.

சென்னைவாசிகளுக்கு ஒரு எச்சரிக்கை: கிழங்கு பருக்கிற நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணா வரும். பையில தண்ணி தேங்கினா கிழங்கு அழுகிடும். அடியில ஓட்டை இருக்கான்னு பாருங்க, செங்கல் மேல தூக்கி வைங்க. இன்னொண்ணு, வேர் முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி வேர்ல முடிச்சு முடிச்சா பார்த்திருந்தா அந்த மண்ணை இதுக்குப் பயன்படுத்தாதீங்க.

நாலரை, அஞ்சு மாசத்துல கொடி மஞ்சளாகிக் காயும். அப்போ பையைக் கொட்டுங்க.

பொங்கலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நான் கொட்டினேன். ஒரு பொரியலுக்குத் தேறுச்சு. கோணிச்சாக்குல போட்டுத் தேய்ச்சா தோல் பாதி போயிடும். மீதியைச் சுரண்டும்போது கை கறுக்கும், பரவாயில்ல.

எல்லாத்தையும் சமைக்கல. ஒரு கை எடுத்து மணல்ல போட்டு நிழல்ல வெச்சிருக்கேன். ஆச்சி தோட்டம் இருந்த இடத்துல இப்போ கார் நிக்குது. அந்தக் கிழங்கு இனிமே என் மாடியிலதான் இருக்கு.

பொங்கலுக்கு மார்க்கெட்ல சிறுகிழங்கு வாங்கினா, நீங்களும் ஒரு கை எடுத்து வைங்க. ஆடி வரை பொறுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!