ஒரு சாய்கோடு செய்யும் வேலை! மேகத்தில் சிக்கும் பனியன் கணக்கு

ஒரு பெயர். அதன் நடுவே ஒரு சின்னச் சாய்கோடு. அந்தக் கோட்டினால் ஒரு பனியன் கம்பெனியின் வேலையே நின்றுபோகும் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். திருப்பூரில் துணி வெட்டும் கத்திரிக்கும் கம்ப்யூட்டரில் எழுதும் பெயருக்கும் இன்று அவ்வளவு நெருக்கம் ஏற்பட்டுவிட்டது.

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள திருப்பூர், பனியனுக்குப் பெயர் போன ஊர். இங்கே ஒரு சட்டை ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடத்தில் துணியாகிறது. சாயம் இன்னோரிடத்தில் ஏறுகிறது. வெட்டுவது ஓரிடம். தைப்பது வேறிடம். பூவேலை, அச்சு, அயர்ன், பேக்கிங் என்று துணி ஊரையே சுற்றி வருகிறது.

துணியோடு அதன் கணக்கும் சுற்ற வேண்டும் அல்லவா? எத்தனை அங்குல நீளம்? என்ன நிறம்? எத்தனை உருப்படி? முன்பெல்லாம் இதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையன் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இப்போது அதை "மேகம்" சுமக்கிறது.

மேகம் என்றால் என்ன?

மேகம் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம்! அது தரையில்தான் இருக்கிறது. பெரிய பெரிய கட்டிடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் கணக்கின் ஒரு பிரதி இன்டர்நெட் வழியாக அங்கே போய்ச் சேரும். அங்கிருந்து நம்முடைய மற்றக் கம்ப்யூட்டர்களுக்கும் அதே பிரதி தானாகவே இறங்கும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். இதைத்தான் "சிங்க்" ஆவது என்கிறார்கள்.

டிராப்பாக்ஸ் 2008ஆம் ஆண்டில் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. கூகுள் டிரைவ் 2012இல் வந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் சேவை 2014 முதல் ஒன்டிரைவ் என்ற பெயரில் நடந்து வருகிறது.

வசதிதான். ஆனால் வசதிக்குள் ஒரு வம்பும் ஒளிந்திருக்கிறது!

வெட்டிய துணி ஒட்டுமா?

ஒரு கம்பெனியை மனத்தில் வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு வியாபாரி முக்கால் பேண்ட் கேட்டிருக்கிறார். திடீரென்று ஒரு மாற்றம் சொல்கிறார். "நீளத்தை 2 சென்டிமீட்டர் கூட்டுங்கள்" என்கிறார்.

ஆபீசில் டிசைன் போடும் பெண் ஆப்பிள் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார். புதிய அளவைப் போட்டு, அந்தப் பைலுக்கு "3/4 பேண்ட் 28" சரியா?" என்று பெயர் வைக்கிறார். ஆப்பிள் கம்ப்யூட்டர் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்கிறது. பைல் மேகத்துக்கும் போய்விடுகிறது.

வெட்டும் இடத்தில் இருப்பதோ விண்டோஸ் கம்ப்யூட்டர். அதற்கு அந்தப் பெயர் ஆகாது! சாய்கோடு ஆகாது. அங்குலக் குறி ஆகாது. கேள்விக்குறியும் ஆகாது. ஆகவே புதிய பைல் அங்கே இறங்கவில்லை. நேற்று வந்த பழைய பைல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண் போன் செய்கிறார்.

"அளவு வந்துருச்சுங்களா, மாஸ்டர்?"

"வந்துருக்குதுங்க அம்மிணி. இதோ, வெட்டப் போறமுங்க!"

இருவரும் சொன்னது உண்மை. ஆனால் இவர் சொன்ன அளவு வேறு. அவர் பார்த்த அளவு வேறு!

துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். அடுக்கு முழுவதும் 2 சென்டிமீட்டர் குட்டை. தையலைப் பிரிக்கலாம். வெட்டிய துணியை ஒட்ட முடியுமா?

புதிதாகத் துணி ஓட்டவேண்டும். சாயம் ஏற்றவேண்டும். கப்பலுக்குக் குறித்த நாள் தப்பினால், விமானத்தில் அனுப்பும் கட்டாயம் வரலாம். அந்தக் கூலி முதலாளியின் தலையில் விழும். உருப்படிக்குக் கூலி வாங்கும் டெய்லர்களோ துணிக்காகக் காத்து உட்கார்ந்திருப்பார்கள். உருப்படி இல்லாத நாளில் கூலி ஏது?

ஏன் இந்தத் தடை?

விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்பது குறிகளைப் பெயரில் அனுமதிப்பதில்லை. அவை இவை:

/ \ : * ? " < > |

ஏன்? இது வீம்பு அல்ல. இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி ஒரு சிறு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் படம் கிடையாது. தொட்டுத் தள்ளும் வசதி கிடையாது. கட்டளைகளை எழுத்தாகவே தட்ட வேண்டும். அப்போதே இந்தக் குறிகளில் சிலவற்றுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இரட்டைப் புள்ளி, எந்தத் தட்டு என்பதைக் காட்டியது. நட்சத்திரத்துக்கு "எதுவானாலும் சரி" என்று பொருள். கேள்விக்குறிக்கு "ஏதோ ஓர் எழுத்து" என்று பொருள். சாய்கோடு கட்டளையோடு சேர்க்கும் குறிப்புக்குப் பயன்பட்டது. 1983இல் பைல்களை அறை அறையாகப் பிரிக்கும் வசதி வந்தபோது, சாய்கோட்டுக்கு ஏற்கெனவே வேலை இருந்ததால், எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டை எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது பைலின் பெயருக்கு 8 எழுத்துத்தான். புள்ளி வைத்து அதன்பின் இன்னும் 3 எழுத்து. அவ்வளவே! 1995இல் வந்த விண்டோஸ் 95 நீண்ட பெயருக்கு இடம் கொடுத்தது. பெயர் நீண்டது. பழைய தடைகள் மட்டும் நீங்கவில்லை.

"கோன்" என்றால் கோபம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நூல் சுற்றிய கோனின் கணக்கை, ஆங்கிலத்தில் சுருக்கமாக சி.ஓ.என். என்ற மூன்று எழுத்தில் பெயரிட்டுப் பாருங்கள். ஒன்டிரைவ் ஏற்காது!

காரணம் என்ன? அந்த மூன்று எழுத்தும் அந்தக் காலத்தில் விசைப்பலகையையும் திரையையும் சேர்த்துக் குறித்த பெயர். பி.ஆர்.என். என்றால் பிரிண்டர். அந்தப் பெயர்கள் கம்ப்யூட்டருக்கே சொந்தம். வேறு யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம்.

பெயரின் கடைசியில் புள்ளி வைத்தாலும் வம்பு. கடைசியில் இடம் விட்டாலும் வம்பு. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தவறைத் தேடித் தேடிக் கண் பூத்துவிடும்.

எல்லாச் சேவைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒன்று பைலை வாசலிலேயே நிறுத்திவிடும். ஒன்று மேகத்தில் ஏற்றிக்கொண்டு, கீழே இறக்காமல் விட்டுவிடும். ஒன்று ஆகாத குறியை எடுத்துவிட்டு வேறு கோட்டைப் போட்டு இறக்கும்.

ஒரே சொல், இரண்டு உடம்பு!

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இது.

"கொள்முதல்" என்று எழுதுகிறோம். "கொ" என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ஓர் எழுத்தல்ல. "க" ஒரு குறி. "ொ" இன்னொரு குறி. அந்த "ொ" என்பதையே சில இடங்களில் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதிவைப்பது உண்டு. எப்படி எழுதினாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்!

இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட் விதி. ஆனால் பைலை வைக்கும் ஏற்பாடுகள் எல்லாம் அதைப் பார்ப்பதில்லை. 1998இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏற்பாடு அதைப் பிரித்தே எழுதி வைத்தது. 2017இல் வந்த புதிய ஏற்பாடு, கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. இப்படிப் பழைய முறையும் புதிய முறையும் கலக்கும்போது, ஒரே பெயரில் இரண்டு "கொள்முதல்" அருகருகே நிற்கலாம். எது புதியது? எது பழையது? பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது!

நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. "கொள்முதல்" நமக்கு 5 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 9 குறி. லினக்ஸ் என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் இடம் வேண்டும். ஆக 27 பைட். அங்கே ஒரு பெயருக்கு 255 பைட்டுக்கு மேல் இடம் இல்லை. தமிழில் 85 குறியோடு பெயர் முடிந்துவிடும். ஆபீஸ்களில் வைத்திருக்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் ஓடுவது இந்த லினக்ஸ்தான்.

பரிகாரம் எளிது

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பழக்கம் போதும்.

3/4 என்று எழுதாமல் "முக்கால்" என்று எழுதலாம். 1/2 கை என்பதை "அரைக்கை" என்று எழுதலாம். அங்குலக் குறிக்குப் பதில் "அங்குலம்" என்றே எழுதலாம். நம் மொழியில் சொல் இருக்கிறதே, குறி எதற்கு?

தேதியைச் சாய்கோடு போட்டு எழுத வேண்டாம். 2025-03-14 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் பைல்களும் தாமாகவே வரிசையில் நிற்கும். "புதுசு", "ரொம்பப் புதுசு", "கடைசி" என்று பெயர் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1, 2, 3 என்று எண் கொடுப்பதே நல்லது.

பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் கணக்கு அழிந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அழியாது. சட்டையின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் சட்டை மாறிவிடுமா?

பைலின் அருகே சிவப்புக் குறி தெரிந்தால் அலட்சியம் கூடாது. பச்சைக் குறி தெரிந்தாலும், "இங்கிருந்து போய்விட்டது" என்றுதான் அதற்குப் பொருள். "அங்கே சேர்ந்துவிட்டது" என்று பொருள் அல்ல. ஆகவே கத்திரி எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். "வந்துவிட்டதா?" என்று கேட்டால் போதாது. "எந்தத் தேதி? எத்தனையாம் எண்? நீளம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

வெட்டிய துணியைக் கட்டும்போது ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு வைக்கிறார்கள். அளவும் எண்ணும் அதில் இருக்கும். சீட்டு மாறினால் ஒருவன் கை இன்னொருவன் உடம்போடு சேர்ந்துவிடும் என்பது தையல் மிஷினில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும்.

பைலுக்கு வைக்கும் பெயரும் அப்படி ஒரு சீட்டுத்தான். சீட்டுச் சரியாக இருந்தால், சட்டை சரியாக வரும். சட்டை சரியாக வந்தால், சனிக்கிழமை கூலியும் சரியாக வரும்!