மொலோக்காய்க்கு முன் ஒன்பது ஆண்டுகள்

அக்டோபர் மாதத்தில் கடைசிக்கு முந்தைய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறு. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1926-ல் ஏற்படுத்திய நாள் இது. அதற்கு முன்னதாகவே நம் பங்குகளில் உறைகளைக் கொடுத்துவிடுவார்கள். நாமும் நம்மால் இயன்றதைப் போட்டுக் காணிக்கைப் பெட்டியில் சேர்த்துவிடுகிறோம். அதோடு அந்த ஆண்டுக்கான நம் கடமை முடிந்தது.

எங்கள் பங்கில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய மகன் ஆப்பிரிக்காவில் குருவாகப் பணியாற்றுகிறார். வாரம் ஒருமுறை அலைபேசியில் பேசுவார். "என்னப்பா சாப்பிட்ட? என்ன செய்யிற?" என்று தாய் கேட்பார். "நல்லா இருக்கேம்மா. பூசை வைக்கிறேன், ஊர் ஊரா போறேன்" என்று பதில் வரும். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். "அந்த 'ஊர் ஊரா போறேன்'னு சொல்றதுக்குள்ள என்னதான் இருக்கு, ஒண்ணும் புரியலையே" என்று அந்தத் தாய் ஒருநாள் என்னிடம் கேட்டார். அவருக்குப் பதில் தேடியபோது எழுதியதுதான் இது.

புனித தமியானை நாம் எல்லாருமே அறிவோம். மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளர் நடுவே 16 ஆண்டுகள் வாழ்ந்து, அந்த நோயாலேயே 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தவர். 2009-ல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் மொலோக்காய்க்குப் போனபோது அவருக்கு வயது 33. ஹவாய் நாட்டுக்கு வந்து இறங்கியபோது வயது 24. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளைப் பற்றி மறையுரைகளில் நான் கேட்டதே இல்லை. நாடகத்துக்கு ஏற்ற காட்சிகள் அதில் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

பெல்ஜியத்தில் த்ரெமெலோ என்ற ஊரில் 1840-ல் பிறந்தவர் அவர். தந்தை விவசாயி, தானிய வியாபாரமும் உண்டு. மகனை வியாபாரத்தில் இறக்கத்தான் எண்ணியிருந்தார். அண்ணன் பம்ஃபீல் இயேசு மரியாவின் திருஇருதயங்கள் சபையில் சேர்ந்திருந்தார். தம்பியும் பின்தொடர்ந்தார். ஹவாய்க்குப் போகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அண்ணன்தான். புறப்படும் வேளையில் அவரை டைபஸ் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. இன்னும் குருப்பட்டம் பெறாத தம்பி, உள்ளூர்த் தலைவரைத் தாண்டி, பாரீசில் இருந்த சபைத் தலைவருக்கே "அண்ணனுக்குப் பதில் என்னை அனுப்புங்கள்" என்று எழுதினார். அனுமதியும் கிடைத்துவிட்டது.

புறப்படும் முன் எடுத்த அவருடைய புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. கையில் பாடுபட்ட சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு, புனித சவேரியாரின் படங்களில் நாம் காணும் அதே தோற்றத்தில் நிற்கிறார். நம் முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்த அதே சவேரியார்தான். தன்னை மறைபணிக்கு அனுப்ப வேண்டுமென்று அந்தப் புனிதரின் படத்துக்கு முன் நாள்தோறும் மன்றாடியவர் தமியான். அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புன்னகை வரும். இருபத்து மூன்று வயதுக்குரிய கனவு அது. சவேரியாரோ தமிழ் தெரியாமல் திணறி, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் உதவியாளர்களைக் கொண்டு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர். சுரூபத்தை உயர்த்திப் பிடித்த படத்தில் அந்தத் திணறல் தெரிவதில்லை.

நான்கு மாதத்துக்கும் மேலான கப்பல் பயணம். 1864 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று ஹொனலுலு வந்தார். மே 21-ல் ஆயர் மெக்ரே அவரைக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். உடனே ஹவாய் பெருந்தீவின் புனா பகுதிக்கு அனுப்பப்பட்டார். எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்துக் கிடக்கும் நிலம் அது. ஓராண்டு முடியும் முன்பே, அடுத்த பகுதியான கொஹாலா – ஹாமாகுவாவில் இருந்த கிளெமென்ட் அடிகளாருக்கு உடல்நலம் சரியில்லாததால், இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். இந்தப் புதிய பங்கை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். ஒரே ஒரு குரு. குதிரையில், கோவேறு கழுதையில், அதுவும் போகாத இடங்களில் கால்நடையாக.

முதலில் பேர் போனது. ஹவாய் மொழியில் 'ட' என்ற ஒலி இல்லை. 1820-ல் வந்த அமெரிக்கப் புராட்டஸ்டாண்டு போதகர்கள் அந்த மொழிக்கு அமைத்த எழுத்துகளே ஐந்து உயிரும் ஏழு மெய்யும்தான். ஆகவே அவர் 'கமியானோ' ஆனார். நம் நாவில் 'தமியான்' ஆனது போலத்தான். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அந்தப் போதகர்கள் செய்திருந்த அச்சு வேலையும் பள்ளி வேலையும் அவருக்கு உதவின என்றாலும், அவருடைய கடிதங்களில் அவர்கள்மேல் கசப்புதான் அதிகம். அந்தக் காலத்து மனநிலை என்று சொல்லலாம். புனிதர்களின் கடிதங்கள் எல்லாமே புனிதமாக இருப்பதில்லை.

அவருடைய ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்? அக்காலத்தில் குரு எங்கே திருப்பலி நிறைவேற்றினாலும் புனிதரின் திருப்பண்டம் பதித்த பீடக்கல் வேண்டும். கல், திருக்கிண்ணம், திருவுடை, இலத்தீன் பூசைப் புத்தகம் எல்லாம் ஒரு மூட்டை. நடுச்சாமத்திலிருந்து உண்ணாநோன்பு. தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. (நோன்பு நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்ற தளர்வு பொதுவாக வந்தது 1953-ல்தான்.) காலையில் ஓர் ஊரில் பூசை முடித்து, ஒப்புரவு கேட்டு, திருமுழுக்குக் கொடுத்து, நோயாளிகளைப் பார்த்து, அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும். வழியில் செங்குத்தான பள்ளத்தாக்குகள். போகும் வழியிலேயே இலத்தீனில் கட்டளை செபம்.

சாப்பாடு 'போய்' என்ற களி. நம் ஊர்ச் சேப்பங்கிழங்கேதான். அதை வேகவைத்து இடித்து, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, கொஞ்சம் புளிக்கவிட்டு, ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் விரலால் எடுத்துச் சாப்பிடுவார்கள். ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று வளர்ந்த பெல்ஜியப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனால் அந்தப் பாத்திரத்தில் கைவைக்காதவரை அந்த வீட்டில் அவர் விருந்தாளிதான். பின்னாளில் மொலோக்காயில் நோயாளிகளின் பாத்திரத்திலேயே அவர் கைவைத்தது உலகத்துக்கு வியப்பாக இருந்தது. அந்தப் பழக்கம் கொஹாலாவில் உண்டானது.

கோயில் இல்லாத ஊர்களில் அவரே மரம் சுமந்து, இழைத்து, ஆணியடித்துச் சிற்றாலயங்கள் கட்டினார். தச்சு வேலை அவருக்குப் பிடித்த வேலை. கட்டிய கோயிலில் மக்கள் குறைந்துகொண்டே வந்ததுதான் துயரம். வெளிநாட்டவரோடு வந்த நோய்கள் அந்த மக்களை அரித்துக்கொண்டிருந்தன. 1866 கணக்கெடுப்பில் ஹவாய் நாட்டு மக்கள் ஏறக்குறைய 63 ஆயிரம். 1872-ல் 57 ஆயிரத்துக்கும் கீழ். இளம் குரு ஒருவர் ஞானஸ்நானத்தைவிட அடக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது எவ்வளவு கனமானது என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் அவர் தாங்கினார். தாங்க முடியாததாக அவர் தம் கடிதங்களில் மீண்டும் மீண்டும் சொல்வது வேறொன்று: தனிமை. துணைக்கு ஒரு குருவை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சுத்துணைக்காக மட்டும் அல்ல. தன் பாவத்தை அறிக்கையிட ஒரு குரு வேண்டும். நாள் முழுவதும் பிறருடைய ஒப்புரவைக் கேட்கிறவர், தன்னுடையதைச் சொல்ல நாள்கணக்கில் பயணம் செய்ய வேண்டும். ஊரிலிருந்து கடிதம் வரவும் மாதக்கணக்கில் ஆகும். சவேரியாருக்கும் இதே வாட்டம் இருந்தது. தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்துக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

1873 மே மாதத் தொடக்கத்தில் மாவி தீவில் ஒரு புதிய கோயிலை அர்ச்சிக்கக் குருக்கள் கூடியிருந்தார்கள். மொலோக்காய்க்கு ஒரு குரு வேண்டும் என்று ஆயர் வருத்தத்தோடு சொன்னார். நான்கு பேர் முறைவைத்துப் போவதாக ஏற்பாடு. முதலில் போனவர் தமியான். மே 10-ல் இறங்கினார். முதல் சில வாரங்கள் தாழை இனத்து மரம் ஒன்றின் அடியில் படுத்தார். திரும்பிவரவே இல்லை. கொஹாலாவிலிருந்து பிடித்து அனுப்பப்பட்ட அவருடைய பங்கு மக்கள் சிலர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அவர் போனது முன்பின் அறியாதவர்களிடம் அல்ல.

அங்கேயும் அதே குறை தொடர்ந்தது. சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, தமியான் ஏறக் கப்பல் தலைவன் அனுமதிக்கவில்லை. கீழே சிறு படகில் நின்றபடியே, மற்றவர்களுக்கு விளங்காதபடி பிரெஞ்சு மொழியில், தம் பாவங்களை உரக்கச் சொல்லிப் பாவமன்னிப்புப் பெற்றார். இந்த நிகழ்ச்சியை வீரச்செயலாகச் சொல்வார்கள். கொஹாலாவில் எட்டு ஆண்டு அந்த ஏக்கத்தோடு வாழ்ந்த மனிதரின் செயலாகத்தான் எனக்குத் தெரிகிறது.

அண்ணன் பம்ஃபீல் என்ன ஆனார்? நோய் குணமாகி, லூவனில் படிப்பும் ஆசிரியப் பணியுமாக இருந்தார். தம்பி இறந்த ஆண்டிலேயே அவருடைய கடிதங்கள் இவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வந்தன. 1895-ல், ஐம்பத்தெட்டாம் வயதில், தம்பியின் இடத்துக்குத் தாமே புறப்பட்டு மொலோக்காய் வந்தார். அவரால் அங்கே நிலைக்க முடியவில்லை. பெல்ஜியத்துக்கே திரும்பிவிட்டார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. களியும் கழுதையும் மொழியும் பழகுவதற்கு அவருக்கு வயது தாண்டியிருந்தது.

இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னேன். அடுத்த முறை மகன் பேசும்போது, "பாவசங்கீர்த்தனம் செய்ய பக்கத்துல யாராவது சாமியார் இருக்காங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறார். மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "நாலு மணி நேரம் போகணும்மா. மழைக்காலத்துல ரோடு இருக்காது" என்றாராம். அன்று முக்கால் மணி நேரம் பேசினாராம்.