கையெழுத்துக்குள் ஒரு நட்சத்திரம்

பிடில் வாசிக்கும் ஆண். பக்கத்தில் கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கும் பெண். முகங்களில் அப்படியொரு கும்மாளம். 1630-ல் வரையப்பட்ட இந்த ஓவியம், 19-ம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் 4,500 பவுண்டுக்குக் கைமாறியது. நெதர்லாந்தின் பெரிய கை ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தது என்ற நம்பிக்கைக்குக் கிடைத்த விலை அது.

பிறகு சந்தேகம் வந்தது, வழக்கும் வந்தது. கொர்னேலிஸ் ஹோஃப்ஸ்டெடே டெ க்ரோட் என்ற கலை ஆய்வாளர் ஓவியத்தில் இருந்த கையெழுத்தை உற்றுப் பார்த்தார். பின்னிக் கிடந்த ஜே, எல் என்ற இரண்டு எழுத்துகள். கூடவே ஒரு நட்சத்திரம். ஹால்ஸின் பெயரில் அந்த எழுத்துகளுக்கோ நட்சத்திரத்துக்கோ என்ன வேலை?

விடை ஹார்லெம் ஊரில் இருந்தது. அங்கே பீர் தயாரித்த ஒருவர், தன் ஆலையின் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்: லெய்ஸ்டர். டச்சு மொழியில் வழிகாட்டும் விண்மீன், நம் துருவ நட்சத்திரம். அவருடைய மகள் யூடித் லெய்ஸ்டர் (Judith Leyster, 1609–1660) தன் பெயரை எழுதியதோடு வரைந்தும் காட்டியிருக்கிறார்! 1893-ல் டெ க்ரோட் ஏழு ஓவியங்களை அவருடையவை என்று அறிவித்தார்.

யூடித் ஒன்றும் ஹால்ஸின் நிழல் அல்ல. 1633-லேயே ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினர். சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். அங்கிருந்து ஒரு மாணவன் ஹால்ஸிடம் தாவியபோது, விடாமல் சங்கத்தில் முறையிட்டார். கேட்ட எட்டு கில்டரில் பாதிதான் கிடைத்தது. ஆனாலும் ஹால்ஸுக்கு அபராதம் விழுந்தது.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் அவரது தன்னுருவ ஓவியம் இருக்கிறது. அதில் அவர் வரைந்துகொண்டிருப்பது ஒரு பிடில்காரனை. நம் கண்ணைத் தடுக்கும் பல நிறமிகளை அகச்சிவப்புக் கதிர் ஊடுருவிப் போகும். கரி கலந்த கருமைதான் அதை விழுங்கிக்கொள்ளும். அந்தக் கதிரில் பார்த்தபோது பிடில்காரனுக்கு அடியில் ஒரு பெண் முகம் தெரிந்தது. பெரும்பாலும் அது யூடித்தின் முகமே. முதலில் தன்னைத் தானே வரைவதாகத் தீட்டிவிட்டு, பிறகு மனம் மாறியிருக்கிறார்.

1636-ல் யான் மீன்ஸ மோலெனார் என்ற ஓவியரை மணந்தார். 1668-ல் கணவர் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில், யூடித்தின் ஓவியங்கள் பலவும் ‘இறந்தவரின் மனைவி’ வரைந்தவை என்றே பதிவாகின.

லண்டன் வழக்கு என்ன ஆனது? வரைந்தவர் ஹால்ஸ் இல்லை என்றானதும் விலையைக் குறைத்து, வாங்கியவரும் விற்றவரும் சமரசம் செய்துகொண்டார்கள். இத்தனைக்கும் ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறியிருக்கவில்லை.